ஊசி போடாத பல்

காளி அத்தை தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து அம்மாவின் கன்னத்தில் ஒத்தடம் கொடுத்தாள். மறுநாள் காலையில் இடது கன்னம் கண் வரைக்கும் வீங்கிவிட்டது.

"போய்ப் புடுங்கிப் போட்டுட்டு வா," என்றாள் அத்தை. அவள் என் தாய்மாமன் மனைவி. பக்கத்து வீடு. "ஒரு பல்லு போனா என்ன? பல்லாலயா பேசப் போற?"

"பல்லு இல்லாம பேசிப் பாருங்க அண்ணி, தெரியும்," என்றாள் அம்மா. வாய் பாதிதான் திறந்தது.

அம்மா பேசியாக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஆறு மா நிலம், ஏக்கர் கணக்கில் இரண்டு. குடவாசலில் இருக்கும் நடராசன் ஐயாவுடையது. தாத்தா காலத்திலிருந்து நாங்கள்தான் குத்தகைக்குச் சாகுபடி செய்தோம். குத்தகையை நெல்லாகவே அளந்தோம். எழுத்து எதுவும் கிடையாது. அப்பா மருதையன் இறந்தார். அதன்பிறகு அந்தப் பக்கம் வயல்களை மனைக்கட்டாகப் போட ஆட்கள் வந்தார்கள். ஐயா, "மருதையன் எங்கிட்டக் கூலிக்கு உழுதவன். குத்தகைக்காரன் இல்லை" என்று சொல்லிவிட்டார். கேஸ் மன்னார்குடி வருவாய் கோர்ட்டுக்குப் போனது. குத்தகை நெல்லை அளந்துபோட்ட சிங்காரவேலு, கூண்டில் நின்று, ஞாபகம் இல்லை என்றார். மிச்சம் இருந்த சாட்சி அம்மா மட்டும்தான். இரண்டு வாய்தா தள்ளிப்போயிருந்தது. வரும் வாய்தாவில் அம்மாவை விசாரிக்காவிட்டால் சாட்சியத்தை முடித்துவிடுவதாகத் துணை கலெக்டர் சொல்லியிருந்தார்.

குடவாசலில் பல் டாக்டர் ஒருவர்தான். ஆனந்தவல்லி. நடராசன் ஐயாவின் மருமகள்.

"எதிராளி வூட்டுல போயா வாயத் திறக்கப் போற?" என்றாள் அத்தை. "ஊசியப் போட்டு நாக்கை இழுத்து வச்சுட்டா?"

"இந்த வலிக்கு நாக்கு இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்," என்றாள் அம்மா. "செவ்வந்தி, கிளம்பு."

நான் வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். புது ஆட்களிடம் எனக்குப் பேச வராது. பேசுவதற்காக அம்மா என்னை அழைத்துப் போகவில்லை. டாக்டர் சொல்வதை ஞாபகம் வைத்துக்கொள்ளத்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டு அறைகள். வெளியே ஒரு பெஞ்சு. செருப்பை வாசலில் விட வேண்டும். உள்ளே மருந்து வாசனை. டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். பெயர், ஊர், யார் வீடு என்று சொன்னபோது அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு, "உட்காருங்கம்மா. தலையைச் சாய்ச்சுக்குங்க," என்றார்.

ஒத்தடம் கொடுத்ததைக் கேட்டதும் தலையை ஆட்டினார். "வெளியில சூடு வைக்கவே கூடாது. உள்ள இருக்கிற சீழு சூடு இருக்கிற பக்கம் வரும். யாரு சொன்னா?"

"எங்க அண்ணி."

"அவங்களுக்குப் பல்லு வலிச்சா இங்க கூட்டிட்டு வாங்க. திட்டணும்."

அம்மா சிரிக்கப் பார்த்தாள். வலித்தது.

டாக்டர் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தார். "குறுக்கால கீறல் இருக்கு. இந்தப் பல்லால என்ன கடிக்கிறீங்க?"

"நெல்லு."

எங்கள் பக்கத்தில் நெல் காய்ந்துவிட்டதா என்று கடித்துத்தான் பார்ப்பார்கள். காய்ந்த நெல் சத்தத்தோடு இரண்டாக உடையும். ஈரம் இருந்தால் நசுங்கும். அம்மா கடித்துச் சொன்னால் ஊரில் மறுபேச்சு இல்லை.

"உங்க வூட்டுக்கு அளந்த நெல்லும் நான் கடிச்சதுதான்," என்றாள் அம்மா.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்தார்.

சிறிய படம். தபால்தலை அளவுதான். அதை விளக்கில் பிடித்து எனக்கும் காட்டினார். "இந்த வேர் நுனியில கருப்பா இருக்குல்ல? அங்க எலும்பு கரைஞ்சிருக்கு. பல்லுக்குள்ள நரம்பு அழுகிப் போச்சு. அதுதான் கீழ இறங்குது. பல்லைப் பிடுங்கலாம். இல்லாட்டி, உள்ள இருக்கிறதை மட்டும் எடுத்துட்டு, வேரைக் கழுவி அடைச்சு, பல்லை வச்சுக்கலாம். அதுக்கு ரெண்டு மூணு தடவை வரணும்."

"பல்லு இருக்கட்டும்," என்றாள் அம்மா.

டாக்டர் ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன்னால் சொன்னார். இப்ப எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். இப்ப பாதி உதடு மரத்துப் போகும். இப்ப சத்தம் வரும், தண்ணி வரும், முழுங்காதீங்க. அவர் சொன்னது எதுவும் பொய்யாகவில்லை. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். முதலில் அந்தப் பிடி இறுக்கமாக இருந்தது. சீழ் வெளியே வந்ததும் தளர்ந்தது. முகத்தில் வலி குறைவது எனக்குத் தெரிந்தது.

முடியைப் போன்ற கம்பிகளை டாக்டர் வேருக்குள் விட்டு எடுத்தார். ஒவ்வொரு கம்பிக்குப் பிறகும் ஒரு மருந்தால் கழுவினார். பிளீச்சிங் பவுடர் வாசனை வந்தது.

"ஹைப்போகுளோரைட்டா?" என்று கேட்டேன். எப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஆமா. கெமிஸ்ட்ரியா?"

தலையாட்டினேன்.

"செத்துப்போன சதையைக் கரைச்சிடும். கம்பி போகாத சந்துக்கெல்லாம் இது போகும்."

குனிந்த தலை அதன்பின் நிமிரவில்லை. வெளியே பெஞ்சில் ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் இருமினார். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார். டாக்டரின் கை வேகம் மாறவில்லை. யார் வாய் என்று அந்தக் கைக்குத் தெரியாத மாதிரி இருந்தது.

கடைசியில் மருந்து வைத்து வெள்ளையாக ஒன்றைப் பூசி மூடினார். "இது தற்காலிகம். உள்ள வெறும் கூடுதான் இருக்கு. இந்தப் பக்கம் எதுவும் கடிக்காதீங்க. உடைஞ்சிடும். இன்னொண்ணு. வலி போயிடும். வலி போனதும் ஆளும் வராம போயிடுவாங்க. எல்லாரும் பண்ற தப்பு அது. அடுத்த வாரம் வாங்க."

பஸ்ஸில் அம்மா ஊர் பெயரைச் சொன்னாள். நாக்கு மரத்திருந்ததால் அது ஊர் பெயராக வரவில்லை. கண்டக்டர் குனிந்து பார்த்து, "என்னம்மா, பகல்லயே போட்டாச்சா?" என்றார். பஸ்ஸே சிரித்தது. அம்மா அவரைத் திட்டினாள். அதுவும் குழறியது. நான்தான் எழுந்து ஊர் பெயரைச் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

"கட்டிட்டா பாரு வாயை! நான் சொல்லலை?" என்று அத்தை தெருவில் நின்று கேட்டாள்.

அம்மா கையை மட்டும் ஆட்டினாள். சாயங்காலம் உதடு திரும்பி வந்தது. வலியும் இல்லை. அரசு கொடுத்த கலர் டிவிக்கு முன்னால் பாயைப் போட்டுப் படுத்து, ஒரு வாரத் தூக்கத்தையும் சேர்த்துத் தூங்கினாள்.

அடுத்த வாரம் எங்கள் குறுவை அறுப்பு. டாக்டரிடம் போகவில்லை. நான் இரண்டு தடவை சொன்னேன். "வாய்தா முடியட்டும், போவலாம்," என்றாள் அம்மா. வானம் கறுத்துக்கொண்டு இருந்தது. களத்தில் நெல் குவிந்து கிடந்தது. கூத்தாநல்லூரிலிருந்து நெல் வியாபாரி சேக் தாவூது வந்தார். வருஷாவருஷம் வருகிறவர்.

"கொள்முதல் நிலையத்துக்கு எடுத்துட்டுப் போனா ஈரம்னு திருப்பி அனுப்புவாங்க அக்கா. எனக்கே போட்டுடுங்க," என்றார்.

"எங்க ஈரம் இருக்கு? கல்லு மாதிரி காஞ்சிருக்கு."

"கடிச்சுச் சொல்லுங்க. நீங்க கடிச்சுச் சொல்லிட்டா நான் கேட்டுக்கிறேன். உங்க பல்லுதானே நம்ம மிஷினு."

"அம்மா, கடிக்கக் கூடாது," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. நெல்லை வலது பக்கம் வைத்துக் கடித்தாள். முகம் சுளித்தாள். "இந்தப் பக்கம் சத்தமே தெரிய மாட்டேங்குது," என்றாள். அடுத்த நெல் இடது பக்கம் போனது. முப்பது வருஷப் பழக்கம்.

நெல் உடைந்த சத்தம் கேட்டது. கூடவே இன்னொரு சத்தமும்.

"காஞ்சிருக்கு," என்றாள் அம்மா, சேக் தாவூதைப் பார்த்து. அவர் சரி என்றார். அம்மா திரும்பி நின்று, வாயிலிருந்து வெள்ளையாக எதையோ எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னிடம் காட்டவில்லை.

வாய்தா அன்று விடிந்தபோது அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் மறுபடியும் உப்பியிருந்தது. வாயைத் திறக்கச் சொன்னேன். இரண்டு விரல் நுழையும் அளவுதான் திறந்தது. அத்தை வந்து பார்த்துவிட்டு மாமாவை எழுப்பப் போனாள்.

டாக்டரின் நம்பர் மருந்துச் சீட்டில் இருந்தது. மாமாவின் செல்லை வாங்கி நானே பேசினேன். மணி ஆறு இருக்கும்.

"டாக்டர், நான் செவ்வந்தி. அம்சத்தோட பொண்ணு. நெல்லு கடிச்சுட்டாங்க. வீங்கிடுச்சு. பேச முடியலை."

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், "யாரும்மா இந்நேரத்துல?" என்றது. நடராசன் ஐயா.

"பேஷன்ட் மாமா," என்றார் டாக்டர். பிறகு என்னிடம், "உடனே கிளம்புங்க. நான் வந்து கிளினிக்கைத் திறக்கிறேன்."

நாங்கள் போனபோது விளக்கு எரிந்துகொண்டு இருந்தது. டாக்டர் தலைகூடச் சரியாகப் பின்னவில்லை. அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தார். "ஓரம் உடைஞ்சிருக்கு. மூடினது பேர்ந்து எச்சில் உள்ள போயிருக்கு," என்றார். திட்டவில்லை.

ஊசியைக் கையில் எடுத்தார். அம்மா அவர் கையையே பார்த்தாள். நானும் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த பஸ் ஞாபகம் வந்தது.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"அம்மா, இன்னிக்கு வாய்தா இருக்குன்னு எனக்குத் தெரியும். மாமா வேட்டி தேச்சு வைக்கச் சொன்னாங்க. எத்தனை மணிக்கு?"

அம்மா விரல்களைக் காட்டினாள். பத்து, பிறகு ஒன்று.

"ஊசி போட்டா மத்தியானம் வரைக்கும் நாக்கு வராது. போடாம பண்றேன். அன்னிக்கு உள்ள இருந்த நரம்பையெல்லாம் எடுத்தாச்சு. அதனால பல்லுக்குள்ள வலி தெரியாது. ஆனா வேருக்குக் கீழ சீழ் இருக்கு. தொட்டா அங்க வலிக்கும். திறந்து வெளியே விடுற வரைக்கும் பொறுத்துக்கணும். தாங்க முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுறேன். சரியா?"

அம்மா தலையாட்டினாள்.

ஊசி போட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. எந்த டாக்டரும் போடுகிற ஊசிதான் அது. இது எனக்குப் பிறகுதான் தோன்றியது. அப்போது அவர் கையை மட்டும்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

இடது கையின் இரண்டு விரலால் பல்லை இருபுறமும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். மிஷின் அதிர்வு வேருக்கு இறங்காமல் இருக்க. வலது கையால் கொஞ்சம் தொடுவார், எடுப்பார். தொடுவார், எடுப்பார். "இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம்." தாலாட்டுகிற குரல் இல்லை. கணக்குச் சொல்கிற குரல்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போகலாம். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. கால் விரல்கள் மடங்கின. கை தூக்கவில்லை.

சீழ் வந்தது. அம்மா நீளமாக மூச்சு விட்டாள்.

கழுவினார். மருந்து வைத்தார். பஞ்சை அடைத்து மேலே பூசினார். ஒரு மாத்திரை கொடுத்தார். "இது தூக்கம் வராதது. பயப்படாதீங்க." பிறகு நாற்காலியை நிமிர்த்தி, "பேசிக் காட்டுங்க," என்றார்.

"என்ன பேசறது டாக்டரம்மா?"

"அங்க முதல்ல என்ன கேப்பாங்க? அதைச் சொல்லுங்க."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எம் பேரு அம்சம். மருதையன் பொஞ்சாதி. ஆறு மா நிலத்துல நாங்க குத்தகைக்குச் சாகுபடி பண்றோம்."

"தெளிவா இருக்கு," என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிப் போட்டார். "சாயங்காலம் திரும்பி வரும்போது காட்டிட்டுப் போங்க."

மன்னார்குடியில் அம்மா பேசினாள். அவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டதில்லை. தாத்தா எந்தப் பக்கத்திலிருந்து முதல் ஏர் பிடித்தார், ஐயா வீட்டுக் கொல்லை வழியாக நெல் மூட்டை எப்படிப் போனது, அளக்கும்போது ஐயாவின் அம்மா எங்கே நாற்காலி போட்டு உட்காருவார், எல்லாம் சொன்னாள். ஐயா எதிரில் இருந்தார். தேய்த்த வேட்டி.

குறுக்கு விசாரணைக்கு அவர் வக்கீல் எழுந்தார்.

"முகம் வீங்கியிருக்கே. பல்லு வைத்தியமா?"

"ஆமாங்க."

"எப்ப?"

"இன்னிக்குக் காலையிலங்க."

வக்கீல் துணை கலெக்டரைப் பார்த்தார். "மயக்க ஊசி, மாத்திரை எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து சாட்சி சொல்றாங்க. இதை எப்படி எடுத்துக்கிறது?"

"ஊசி போடலைங்க," என்றாள் அம்மா.

"போடாம பல்லு வைத்தியம் பண்ற டாக்டர் யாரு? ஊர் வைத்தியரா?"

அம்மா ஐயாவைப் பார்த்தாள். அவள் ஏன் தயங்குகிறாள் என்று அங்கே தெரிந்த ஒரே ஆள் நான். சொல்லாதே என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் நினைத்தேன்.

"டாக்டர் ஆனந்தவல்லிங்க," என்றாள் அம்மா. "குடவாசல். இந்த ஐயாவோட மருமக. நான் இங்க நின்னு பேசணும்னுதான் ஊசி போடாம பண்ணாங்க."

வக்கீல் ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். ஐயா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். மடித்தார். மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். துணை கலெக்டர், "சாட்சி தெளிவாத்தான் பேசுறாங்க. மேல கேளுங்க," என்றார். வக்கீல் இன்னும் ஏதோ கேட்டார். அதில் சத்து இல்லை.

உத்தரவு தை மாதம் வந்தது. அம்மாவின் பெயர் குத்தகைதாரராகப் பதிவானது. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாது. திரும்பும் பஸ்ஸில் எனக்கு டாக்டரைப் பற்றித்தான் கவலையாக இருந்தது.

"ஏம்மா பேரைச் சொன்ன? அவங்களுக்கு வீட்டுல என்ன ஆகுமோ."

"மறைச்சா அந்தப் பொண்ணு திருட்டுத்தனம் பண்ணின மாதிரி ஆயிடும்டி," என்றாள் அம்மா. "அது என்ன தப்பா பண்ணுச்சு? நல்லது செஞ்சவங்க பேரைச் சபையில சொல்லணும்."

கொஞ்ச தூரம் போனதும், "ஆனா அந்த ஐயா போறதுக்கு முன்னாடி நாம போயிடணும். அந்தப் பொண்ணுகிட்ட நாமதான் சொல்லணும்," என்றாள். பஸ் மெதுவாகத்தான் போனது.

டாக்டர் தனியாகத்தான் இருந்தார். அம்மாவைப் பார்த்ததும் கேட்டது, "பேச வந்துச்சா?"

"வந்துச்சு. உங்க பேரையும் சொல்லிட்டேன் டாக்டரம்மா. கேட்டாங்க. பொய் சொல்ல முடியலை."

கண்ணாடியை எடுக்கப் போன கை நின்றது. "மாமா இருந்தாங்களா?"

"எதிர்லதான்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. துண்டை எடுத்து மடிச்சாங்க."

"அப்ப நல்ல கோபம்தான்," என்றார் டாக்டர். சிரித்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. அம்மாவை நாற்காலியில் சாய்த்தார்.

வெளியே கார் வந்து நின்றது. கதவு அடைபடும் சத்தம். நடராசன் ஐயா செருப்போடு உள்ளே வந்தார். அவரைப் பார்த்ததும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துகொள்ளப் பார்த்தாள். டாக்டர் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினார்.

"வல்லி," என்றார் ஐயா. "என்ன காரியம் பண்ணியிருக்க?"

"மாமா, பேஷன்ட் இருக்காங்க," என்றார் டாக்டர். எங்களிடம் பேசும் அதே குரல். "செருப்பை வெளியில விட்டுட்டுப் பெஞ்சுல உட்காருங்க. முடிச்சுட்டு வந்து பேசுறேன்."

கண்ணாடியைத் தட்டில் வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

ஐயா நின்றார். மருமகளைப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலத்தான் இருந்தது. பிறகு திரும்பி நடந்தார். வாசலில் செருப்புக் கழலும் சத்தம் கேட்டது. அதன்பின் பெஞ்சு முனகியது.

டாக்டர் கையை மறுபடியும் கழுவினார். புதுக் கையுறை போட்டுக்கொண்டார். விளக்கை அம்மாவின் வாய்க்கு நேராக இழுத்தார்.

அவர் அவசரப்படவில்லை. அந்தப் பல்லின் வேர்களுக்குள் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழுவி முடிக்கும் வரை வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.